கொதித்த எஞ்சினும் இறங்கிய முள்ளும்

வண்டியில் கருவியைச் செருகுகிறீர்கள். திரையில் ஏதோ ஓர் எண் வருகிறது. உடனே வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "சென்சார் போச்சுங்க" என்கிறீர்கள். இல்லாவிட்டால், "சென்சார் நல்லாத்தான் இருக்குது, ஓட்டுன ஆளுதான் சரியில்லீங்க" என்கிறீர்கள். போன வாரம் உங்கள் ஷெட்டுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தபோது இந்தக் கூத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சுருக்கென்று கோபம் வந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும் என்று பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். கோபித்துக்கொண்டாலும் படியுங்கள்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூர் உக்கடத்தில் எனக்கு ஒரு சின்ன எலெக்ட்ரிக்கல் ஷெட் இருந்தது. அதுவரை நாங்கள் பார்த்த வண்டிகளில் எஞ்சின் சுற்றினால் அதைக் குளிர்விக்கும் ஃபேனும் சுற்றும், எஞ்சின் நின்றால் ஃபேனும் நிற்கும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. புதிதாக வந்த சின்ன கார்களில் ஃபேனுக்குத் தனி மோட்டார். எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் நன்றாகச் சூடானதும் அதில் முங்கியிருக்கும் சென்சார் தெரிந்துகொண்டு மோட்டாரை ஓடவிடும். கட்டை விரல் அளவுகூட இல்லாத அந்தப் பித்தளைச் சாமானை எங்கள் ஆட்கள் நம்பவே இல்லை. ஃபேன் ஓடவில்லை என்று வண்டி வந்தால் சென்சாரைத் துண்டித்துவிட்டு, சாவி போட்டதும் ஃபேன் ஓடுகிற மாதிரி வயரை நேராக இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு 'டைரக்ட்' என்று பெயர். கோயமுத்தூரில் அன்றைக்கு ஓடிய சின்ன கார்களில் எத்தனையோ வண்டிகள் டைரக்டில்தான் ஓடின. வலி எங்கே என்று கேட்காமல் மாத்திரை கொடுக்கிற வைத்தியம் அது. எனக்கு அறவே பிடிக்காது.

ஒரு நாள் மத்தியான வெயிலில் ஒரு வெள்ளைக் காரைக் கயிறு கட்டி ஜீப்பில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் பெரிய தென்னந்தோப்பு உள்ளவர். பெயர் வேண்டாம், தோப்புக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அன்று சாயங்காலம் தாராபுரத்தில் அவர் மகளுக்கு நிச்சயம். வீட்டார் எல்லாரும் வேறு வண்டியில் முன்னால் போய்விட்டார்கள். இவர் மட்டும் டவுனுக்கு வந்து நிச்சயப் புடவையையும் மோதிரத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் எஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிட்டது.

ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவர் டிரைவர் பழனிச்சாமி. முப்பது வயசைத் தாண்டிய ஒல்லியான ஆள். தோப்புக்காரரின் மகள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர் அவர்தான். அன்றைக்கு நிச்சயத்துக்கென்று புதுச் சட்டை போட்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்கத் தண்ணீரும் கரியும்.

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். தோப்புக்காரர் இறங்கியதும் பழனிச்சாமியைப் பார்த்துப் பேசிய விதத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"நீங்க அக்கட்டப் போயி நில்லுங்க பழனிச்சாமி. பாய்கிட்ட நான் பேசிக்கறனுங்க."

சொந்த டிரைவரை யாராவது நீங்க, வாங்க என்பார்களா? பழனிச்சாமி முகம் செத்துப் போயிருந்தது.

தோப்புக்காரர் என்னிடம் வந்தார். "ஏனுங்க பாய், ஃபேன் ஓடலீங்க. எஞ்சின் கொதிச்சுப் போச்சுங்க. கேட்டா, முள்ளு எறங்கியே நின்னுதுங்கறாரு. முள்ளு ஏறாம எஞ்சின் கொதிக்குமுங்களா?"

முள் என்று அவர் சொன்னது டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள்ளை. அதற்கும் ஒரு சென்சார் உண்டு. அந்த வண்டியில் இரண்டும் எஞ்சினின் மேல் பக்கம், தண்ணீர் வெளியே வரும் குழாயில் அடுத்தடுத்து இருந்தன.

"தண்ணி கொறஞ்சிருந்துதுங்களா?" என்று கேட்டேன்.

"ரேடியேட்டர ஒட்டுன பாட்டில்ல தண்ணி நெறஞ்சு நின்னுதுங்க. என்ற கண்ணால பாத்தனுங்க. தண்ணி இருந்துது. அப்ப சென்சார் கெட்டுப் போயிருக்கோணும். இல்லீன்னா இவரு முள்ளப் பாக்காம ஏதோ நெனப்புல ஓட்டியிருக்கோணும். ரெண்டுல ஒண்ணுதானுங்க."

ஒத்தக்கால்மண்டபத்து டெலிபோன் பூத்திலிருந்தே எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். தோப்புக்குப் பேசி வேறு டிரைவரை வரச் சொல்லிவிட்டாராம். அந்த ஆள் இந்நேரம் பொள்ளாச்சியில் பஸ் ஏறியிருப்பான். உக்கடத்தில் இறங்கினால் என் ஷெட்டுக்கு நடக்கிற தூரம்தான்.

"சென்சார் கெட்டிருந்தா பழனிச்சாமி என்னோட வரட்டும். கெடலீன்னா அவரு இங்கிருந்தே ஊட்டுக்குப் போயிரலாமுங்க. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றார் சாந்தமாக.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பொள்ளாச்சியில் தோப்புக்காரர்கள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எஞ்சினைக் கொதிக்கவிட்டுப் பொய்யும் சொன்னான் என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால், அப்புறம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். பழனிச்சாமிக்கு வேறு தொழில் தெரியாது.

நான் பானெட்டைத் திறந்தபோது பழனிச்சாமி மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார். "பாய், நான் பொய் சொல்லலீங்க. முள்ளு கொஞ்சம் ஏறுச்சுங்க. அப்புறம் எறங்கிப் போச்சுங்க. சரி, சூடு தணிஞ்சுதாட்ட இருக்குதுன்னு ஓட்டுனனுங்க. கொஞ்ச தூரத்துல இழுவ கொறஞ்சுது, வாசம் வந்துச்சு, நின்னு போச்சுங்க."

நானும் கேட்டேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. என் கவனம் எல்லாம் சென்சாரில் இருந்தது.

அன்றைக்கு எங்களிடம் இப்போதைய கருவிகள் ஒன்றும் கிடையாது. சென்சாரைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். ஷெட்டை ஒட்டி ஒரு டீக்கடை. டீ மாஸ்டர் என்னைக் கண்டதுமே, "பால் சட்டியத் தொட்டீங்கன்னா இன்னிக்கு உங்களுக்கு டீ இல்லீங் பாய்" என்று சொல்லிக்கொண்டே நசுங்கின அலுமினியப் பாத்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். ஒரு பேட்டரி, ஒரு இண்டிகேட்டர் பல்பு, இரண்டு வயர். சென்சாரின் அடிப்பாகம் தண்ணீரில் முங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கொதிக்கப் போகிற நேரத்தில் பல்பு எரிந்தால் சென்சார் நல்லது. எரியாவிட்டால் கெட்டது.

பக்கத்தில் தோப்புக்காரர். அவருக்குப் பின்னால் பழனிச்சாமி. பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. மூவருமே பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சாமான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று என் வாழ்க்கையில் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

பல்பு எரிந்தது. பளிச்சென்று, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷம், "சென்சார் நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டது. முள்ளுக்கான சென்சாரையும் அதே தண்ணீரில் போட்டு மீட்டரில் பார்த்தேன். அதுவும் நல்லது. டேஷ்போர்டு முள்ளையும் வயர் தொட்டுப் பார்த்தேன். ஏற வேண்டிய இடத்துக்குச் சரியாக ஏறியது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அந்த ஆளின் கழுத்தில் நானே கயிற்றை இறுக்கிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

தோப்புக்காரர் சத்தம் போடவில்லை. "இப்ப என்னங்க சொல்றீங்க பழனிச்சாமி?" என்றார்.

பழனிச்சாமி அணைந்துகொண்டிருந்த அடுப்பையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முள்ளு ஏறுனத நான்தான் பாக்காம உட்டுட்டனுங்க ஐயா. தப்பு என்ற பேர்லதானுங்க" என்றார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நானும் மன்னிச்சு உட்டிருப்பனுங்களே. பொய்யி எதுக்குங்க?" என்று கையை நீட்டினார் தோப்புக்காரர். "சாவியக் குடுத்துப்போட்டு நீங்க கெளம்புங்க. நல்லா இருங்க."

சாவி கைமாறியது. பழனிச்சாமி போகாமல் டீக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றார். தோப்புக்காரர் என் பக்கம் திரும்பி, "பாய், இனி டெஸ்டு கிஸ்டெல்லாம் வேண்டாமுங்க. ஃபேனுக்கு டைரக்ட் குடுத்துப்போடுங்க. புது ஆளு வந்ததும் நான் தாராபுரம் போயிர்றேன்" என்றார்.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. சாமான் நல்லது, ஆள் ஒத்துக்கொண்டார், முதலாளிக்கு நேரமில்லை. வயரை இழுத்துக் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டிருந்தால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். சென்சார்களைத் திருப்பி மாட்டக் குனிந்தேன். அப்போதுதான் பழனிச்சாமி சொன்னது மண்டையில் உறைத்தது. முள் இறங்கியது என்றாரே.

யோசித்துப் பாருங்கள். முள்ளைப் பார்க்காமல் ஓட்டியவன் பொய் சொல்ல வேண்டுமென்றால் என்ன சொல்வான்? முள் அசையவே இல்லை என்பான். கொதிக்கிற எஞ்சினில் முள் ஏறிவிட்டு அப்புறம் இறங்கியது என்று எந்தப் பொய்க்காரனும் கற்பனை செய்ய மாட்டான். அவ்வளவு பொருந்தாத ஒன்றைக் கண்ணால் பார்த்தவன்தான் சொல்ல முடியும். ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"ஐயா, நான் டைரக்ட் குடுக்கப் போறதில்லீங்க. எனக்கு இன்னும் வேலை முடியல."

"அவருதான் ஒத்துக்கிட்டாருங்களே?"

"அவரு ஒத்துக்கிட்டாருங்க. வண்டி இன்னும் ஒத்துக்கல."

தோப்புக்காரரின் முகம் மாறியது. "பாய் அவர்களே, எனக்கு நிச்சயத்துக்கு நேரமாகுதுங்க. நீங்க செய்யலீன்னா அடுத்த ஷெட்டுல செஞ்சுக்கறனுங்க" என்றார். அவர்களே என்று அழைத்தாயிற்று. அதற்கு மேல் மரியாதைக்கு இடமில்லை.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து எனக்கு வருகிற வண்டிகளில் பாதி அவர் சொல்லி வருபவை. நான் நினைப்பது தப்பாகப் போனால் பழனிச்சாமியோடு சேர்ந்து என் பெயரும் போகும். இருந்தாலும் கேட்டேன். "ஒத்தக்கால்மண்டபத்துல எஞ்சின் ஆறுன பின்னால ரேடியேட்டர்ல எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

"பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூம்புல வாங்கி ஒரு செம்புல நாலு தடவ ஊத்துனமுங்க. ஊத்த ஊத்தக் குடிச்சுது."

"பாட்டில் நெறஞ்சு நின்னுது, ரேடியேட்டர் காஞ்சு கெடந்துதுங்களா?"

நான் ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்தேன். அந்த மூடிக்கு இரண்டு வேலை. தண்ணீர் சூடாகிப் பெருத்தால் மிச்சத்தைப் பக்கத்துப் பாட்டிலுக்கு வெளியே விட வேண்டும். ஆறினால் அதே தண்ணீரை உள்ளே வாங்க வேண்டும். மூடியின் நடுவில் இருக்கும் சின்னத் தகட்டை நகத்தால் இழுத்தேன், வரவில்லை. சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்து அப்படியே இறுகிப்போயிருந்தது. வெளியே விடும், உள்ளே வாங்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரேடியேட்டர் குறையும், பாட்டில் மட்டும் நிரம்பி வழியும்.

"வண்டிக்கு எந்தத் தண்ணிங்க ஊத்தறீங்க?"

"நம்ம தோட்டத்து போர் தண்ணிதானுங்க. கல்கண்டாட்ட இருக்கும். டிக்கியில எப்பவும் ஒரு கேன் கெடக்கும்" என்றார் பெருமையாக. சிறுவாணித் தண்ணீர் என்றால் கோயமுத்தூர்க்காரன் நெஞ்சை நிமிர்த்துவான். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அவரவர் கிணறுதான் சிறுவாணி. குடிக்கிற வாய்க்கு இனிக்கிற தண்ணீர் எஞ்சினுக்குள் போய் உப்பாகப் படியும் என்று சொன்னால் குடும்பத்தையே குறை சொன்ன மாதிரி எடுத்துக்கொள்வார்கள். நான் சொல்லவில்லை. மூடியை அவர் கையில் கொடுத்தேன். அவரும் நகத்தால் இழுத்துப் பார்த்தார்.

"பழனிச்சாமி, தெனமும் நீ எதப் பாப்ப?"

"பாட்டிலத்தானுங்க பாய். காலைல எந்திரிச்சதும் மொத வேலை அதுதானுங்க. மூடியத் தொடக் கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காருங்க."

தோப்புக்காரர் தலையை ஆட்டினார். "முன்ன இருந்த டிரைவரு சூட்டுல மூடியத் தொறந்து கையி வெந்து போச்சுங்க பாய். அதுலயிருந்து யாரையும் தொட உடறதில்லீங்க." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. "சரிங்க, தண்ணி கொறஞ்சுது. கொறஞ்சாலும் எஞ்சின் சூடு சூடுதானுங்களே? சென்சாருக்குத் தெரியாமப் போகுமுங்களா? நீங்களே நல்லா இருக்குதுன்னீங்களே?"

நியாயமான கேள்வி. அடுப்பை மறுபடி பற்றவைத்து, ஃபேன் சென்சாரைத் தண்ணீரில் விட்டேன். கொதி வந்தது, பல்பு எரிந்தது. "பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, சென்சாரைத் தண்ணீரிலிருந்து தூக்கி ஒரு சாண் மேலே பிடித்தேன்.

பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

அது கொஞ்ச நேரம் எரியத்தான் செய்யும், பித்தளை ஆற வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும் பல்பை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. தோப்புக்காரர் வாட்சைப் பார்த்தார். தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு ஆள் பஸ் நிறுத்தப் பக்கமிருந்து வந்து, "ஐயா, வந்துட்டனுங்க" என்று நின்றான். புது டிரைவர். தோப்புக்காரர் சாவியை அவனிடம் நீட்டப் போனார். "சித்த இருங்க" என்று நான் கத்தியே விட்டேன்.

பல்பு அணைந்தது. கீழே பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி தொட்டாத்தானுங்க இதுக்குச் சூடு தெரியும்" என்றேன். "தண்ணி கீழ போயிருச்சுன்னா எஞ்சினு எரிஞ்சாலும் இது குளுந்து போயி நிக்கும். ஃபேன் ஓடாது. பக்கத்துலதான் முள்ளோட சென்சாரும் இருக்குது, அதுவும் அப்படித்தான். தண்ணி இருந்த வரைக்கும் முள்ளு ஏறியிருக்கும். தண்ணி கீழ போனதும் எறங்கியிருக்கும். வந்ததும் பழனிச்சாமி எங்கிட்ட இதத்தானுங்க சொன்னாரு."

நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். நான் சோதித்தது பாத்திரத்தில் இருந்த சென்சாரை. அது வண்டியில் எங்கே, எதற்கு நடுவில் இருந்து வேலை செய்கிறது என்று பார்க்காமல் நல்லது என்று சொல்லிவிட்டேன். அங்கே காத்திருந்தவருக்கு அது வேலை போகிற தீர்ப்பாக விழுந்தது. சோதனை முழுதாக முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள். எதிரில் நிற்பவர் உங்கள் அரைகுறைப் பதிலை எதற்கு எடுத்துக்கொள்வார் என்று உங்களுக்குத் தெரியாது.

வேறு மூடி போட்டேன். ரேடியேட்டர் வாய் வரைக்கும் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்று நிற்காமல் பார்த்துக்கொண்டேன். எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தப்பியது அந்த நிச்சயப் பெண்ணின் நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் செய்துவிட்டு எல்லாரும் பானெட்டைச் சுற்றி நின்றோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஃபேன் விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. டீ மாஸ்டர் கடைக்குள்ளிருந்தே கை தட்டினார்.

தோப்புக்காரர் மட்டும் ஃபேனைப் பார்க்கவில்லை. பழனிச்சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, செய்யாத தப்ப எதுக்குடா ஒத்துக்கிட்ட? என்னயக் கண்டு பயந்துட்டியா?"

"இல்லீங்க ஐயா."

"அப்பறம்?"

பழனிச்சாமி சொல்லத் தயங்கினார். அவர் என்னைப் பார்த்தார், நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். "பாய் வெச்ச பல்பு எரிஞ்சு போச்சுங்களே. முள்ளு எறங்குனத என்ற கண்ணால பாத்தனுங்க. ஆனா சென்சார் நல்லா இருக்குதுன்னு பாய் சொன்னதும், நாம ஏதோ கனாக் கண்டிருப்பமாட்ட இருக்குது, கண்ணுதான் கெட்டுப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க."

தோப்புக்காரர் புது டிரைவரிடம் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத் திருப்பி அனுப்பினார். சாவியைப் பழனிச்சாமியின் சட்டைப் பையில் போட்டார். போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்து, புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பிவிட்டு, பழனிச்சாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"பாய், ஒருக்கா வந்து முள்ளப் பாத்துச் சொல்லிப்போடுங்க. சரியாத்தானுங்களே காட்டுது?"

நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "நீ பாத்துச் சொல்லு" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"பாதிக்குக் கொஞ்சம் கீழ நிக்குதுங்க."

"அப்ப அங்கதான் நிக்குது. போயிட்டு வா" என்றேன்.